டாஃப்ட் பங்க் 'டிஸ்கவரி' இசைத்தட்டு: கடைசிப் பாட்டில் மட்டும் கரகரப்பு

பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை ஜோடி டாஃப்ட் பங்க்கோட, 2001ல் வந்த இரண்டாவது ஆல்பம், ரெட்டைத் தட்டு. 'ஒன் மோர் டைம்' சுத்தமா பாடுது. பத்து நிமிஷ 'டூ லாங்' தட்டோட நடு லேபிள் பக்கம் நெருங்கும்போது குரல்ல 'ஸ்' வர்ற இடமெல்லாம் வலது ஸ்பீக்கர்ல கிழியுது. ரெண்டு மாசமா இப்படித்தான்.

பெல்ட்டால தட்டைச் சுத்துற பிளேயர் (பெல்ட் டிரைவ்), கூம்பு முனை முள், சுமார் 600 மணி நேரம் ஓடினது. இடம் குளச்சல், உப்புக்காத்து, மழைக்காலத்தில் உறையே பூத்துடும்.

முள் தட்டை அழுத்துற எடை 2 கிராம், ஆன்டி ஸ்கேட்டும் (முள் கை உள்பக்கம் இழுபடுறதை ஈடுகட்டுற அமைப்பு) 2. காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் மூணு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு கலந்து தட்டைக் கழுவியாச்சு. ஆம்ப்ளிஃபயர்ல (ஆம்ப்) இடது வலது ஒயரை மாத்திச் செருகினா கரகரப்பு இடதுக்குப் போகுது, அதனால ஆம்ப், ஸ்பீக்கர் மேல சந்தேகமில்லை. மத்த தட்டுகளிலும் கடைசியில லேசா இருக்கு, இவ்வளவு இல்லை.

புது முள் வாங்குறதுக்கு முன்னாடி, தேஞ்சது முள்ளா, தட்டோட பள்ளமான்னு வீட்டிலேயே பிரிச்சுப் பார்க்க வழி உண்டா?