ரெண்டு ஹார்ட் டிஸ்க்கும் மாத்தியாச்சு, மிரர் இன்னும் 1 டிபிதான் காட்டுது. உதவி தேவை

கொக்குவில் ஸ்டூடியோ:
வணக்கம். எங்கட ஸ்டூடியோவில உபுண்டு சேர்வர் ஒண்டு ஓடுது, கலியாண வீடியோ, சாமத்தியவீட்டு அல்பம் எல்லாம் அதுக்குள்ளதான், ரெண்டு 1 டிபி டிஸ்க், எம்டிஏடிஎம் எண்ட லினக்ஸ் புரோகிராமால போட்ட ரெய்ட் 1, அதாவது ரெண்டு டிஸ்க்கிலயும் ஒரே டேட்டா நிக்கிற மிரர். 96 வீதம் நிரம்பிட்டுது, நல்லூர்த் திருவிழா 25 நாளும் எடுக்கிறதெண்டா இடம் காணவே காணாது. அதால ரெண்டு 4 டிபி வாங்கி ஒண்டைக் கழட்டிப் புதுசைப் போட்டு, சிங்க் (மற்ற டிஸ்க்கில இருந்து புதுசுக்குக் கொப்பியாகிறது) முடிய மற்றதையும் அப்பிடியே மாத்தினன். மிரரின்ர நிலையைக் காட்டிற எம்டிஸ்டாட்டில ரெண்டு யூவும் (ரெண்டு டிஸ்க்கும் சரியெண்ட அடையாளம்) வடிவா நிக்குது, ஆனா இடத்தைப் பாக்க டிஎஃப் அடிச்சா அதே 916 ஜி! ஃபைல் சிஸ்டத்தைப் பெருப்பிக்க ரீசைஸ்2எஃப்எஸ் குடுத்தா செய்ய ஒண்டுமில்லையாம். டிஸ்க் போலியோ?

மானிப்பாய் அண்ணை:
அந்தரப்படாதேங்கோ தம்பி, டிஸ்க்கில பிழையில்லை. டிஸ்க்குக்கு மேல பார்ட்டிஷன், அதுக்கு மேல மிரர், அதுக்கு மேலதான் ஃபைல் சிஸ்டம். நீங்கள் ஆக அடியில இருக்கிறதை மட்டும் மாத்திப்போட்டு உச்சியில நிண்டு இழுக்கிறியள். புது டிஸ்க்கில பார்ட்டிஷன் எப்பிடிப் போட்டனீங்கள்? ஓஎஸ்ஸும் உதிலயே?

கொக்குவில் ஸ்டூடியோ:
ஓஎஸ் வேற எஸ்எஸ்டியில அண்ணை. பழைய டிஸ்க்கின்ர பார்ட்டிஷன் டேபிளை எஸ்எஃப்டிஸ்க்கால அப்பிடியே கொப்பி பண்ணினன். எல்எஸ்பிஎல்கேயில டிஸ்க் 3.6 டி, பார்ட்டிஷன் 931.5 ஜி. டேபிள் வகை டொஸ் எண்டு காட்டுது.

மானிப்பாய் அண்ணை:
பிடிபட்டுது. டொஸ் டேபிள் 512 பைட் செக்டரை 32 பிட்டில எண்ணுறது, 2 டிபிக்கு மேல அதுக்குக் கணக்குத் தெரியாது. இப்ப இழுத்தாலும் பாதி டிஸ்க் சும்மா கிடக்கும், பெரிய டிஸ்க்கையும் கணக்கெடுக்கிற ஜிபிடி டேபிள் வேணும். ஒரு டிஸ்க்கை ஃபெயில் பண்ணி ரிமூவ் பண்ணுங்கோ, பழைய சூப்பர்பிளாக்கை (டிஸ்க்கில கிடக்கிற மிரரின்ர குறிப்பை) அழியுங்கோ, ஜிபிடி போட்டு முழு டிஸ்க்குக்கும் ஒரு பார்ட்டிஷன், திரும்ப ஆட். 1 டிபி சிங்க் ஆக ரெண்டு மணித்தியாலம் கிட்டப் பிடிக்கும், அது முழுக்க முடிஞ்சாப்பிறகுதான் மற்றதைத் தொடுங்கோ. ரெண்டும் சரியெண்டா மிரரை முழு இடத்துக்கும் பெருப்பிக்க எம்டிஏடிஎம் குரோ, சைஸ் மேக்ஸ். கடைசியா ரீசைஸ்2எஃப்எஸ், ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 வகை எண்டா அன்மவுண்ட் பண்ணவும் தேவையில்லை.

சாவகச்சேரி:
ஏன் இவ்வளவு மினக்கேடு? அன்மவுண்ட் பண்ணி மிரரை நிப்பாட்டி, ஜிடிஸ்க்கால ரெண்டையும் அப்பிடியே ஜிபிடிக்கு மாத்தி, தொடக்க செக்டர் மாறாமல் பார்ட்டிஷனைப் பெருப்பிச்சு, புது அளவை மிரருக்குச் சொல்ல டிவைஸ்சைஸ் அப்டேட்டோட திரும்ப அசெம்பிள் பண்ணினா அரை மணித்தியால வேலை. சிங்க்கும் இல்லை.

மானிப்பாய் அண்ணை:
நடக்கும்தான், மிரரின்ர குறிப்பு மெட்டாடேட்டா 1.2 வகை எண்டா. ஆனா தொடக்க செக்டரில ஒரு இலக்கம் பிழைச்சா ரெண்டு டிஸ்க்கும் ஒண்டாப் போகும், ஆரோ ஒரு பொம்பிளையின்ர தாலிகட்டு வீடியோ அதுக்குள்ள கிடக்கு. நான் எண்டா மெல்லமாத்தான் போவன். தம்பி, கழட்டின பழைய 1 டிபி ரெண்டையும் இப்ப ஃபோர்மட் பண்ணிப்போடாதேங்கோ. கடைசியாக் கழட்டினதில அண்டைய நிலை அப்பிடியே இருக்கும். அதுக்குப் பிறகு ஏத்தினதை வெளி டிஸ்க் ஒண்டுக்கு எடுங்கோ. சிங்க் நடக்கேக்க ஒத்தை டிஸ்க்கில நிப்பியள், மிரர் பக்கப் இல்லை. யூபிஎஸ் பற்றறி எப்பிடி?

கொக்குவில் ஸ்டூடியோ:
பற்றறி 10 நிமிசம் தாங்கும் 😅 அண்ணை சொன்ன மாதிரியே செய்யிறன்.

கொக்குவில் ஸ்டூடியோ:
ரெண்டு டிஸ்க்கும் நேற்று இரவோட ஜிபிடி. குரோ குடுக்க பிட்மாப் (எந்தப் பகுதி இன்னும் சிங்க் ஆகேல்லை எண்டு குறிச்சு வைக்கிறது) இருக்கு, ஏலாது எண்டு நிண்டுட்டுது, பிட்மாப் நன் எண்டு எடுத்துப்போட்டு திரும்பக் குடுத்தன், போயிட்டுது. ரீசைஸ்2எஃப்எஸ்ஸும் முடிய டிஎஃப்பில இப்ப 3.6 டி. ஆனா எம்டிஸ்டாட்டில திரும்பவும் ரீசிங்க் ஓடுது, பிழையோ?

மானிப்பாய் அண்ணை:
இல்லை, புதுசா வந்த 3 டிபியை ரெண்டு பக்கமும் ஒண்டாக்குது. அஞ்சாறு மணித்தியாலம் பிடிக்கும், அதுக்குள்ள நீங்கள் வேலை செய்யலாம். முடிய பிட்மாப்பைத் திரும்ப இன்டர்னல் எண்டு போட்டுவிடுங்கோ, இல்லாட்டி ஒருக்கா கறண்ட் நிண்டாலும் முழு 4 டிபியையும் முதல்ல இருந்து சிங்க் பண்ணும்.