உப்பு பூத்த திடலில் அலையாத்தி வளர்க்க ஊரை எப்படிச் சேர்ப்பது?

கோரையாற்றங்கரை:
முத்துப்பேட்டை பக்கம் எங்க ஊர். 2018 கஜா புயல்ல அலையாத்திக் காடு முறிஞ்சு விழுந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் கேக்கிறது அதுக்கு முன்னாடியே மொட்டையா கிடக்கிற ஒரு திடலைப் பத்தி. போன வருஷம் ஒரு கம்பெனிக்காரங்க வந்து கன்னு நட்டு, போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. சித்திரைக்குள்ள அத்தனையும் கருகிடுச்சு. இப்போ எங்க இளைஞர் மன்றம் எடுத்துச் செய்யலாம்னு இருக்கோம். ஊர்க்கூட்டத்துல சொன்னா "அது பாரஸ்ட் இடம், நமக்கென்ன"ங்கிறாங்க. ஆடு மாடு வச்சிருக்கவங்க கூட்டத்துக்கே வரல. என்ன பண்ணலாம்?

கிள்ளைக்காரன்:
தம்பி, கன்னை அப்புறம் பாத்துக்கலாம். அந்தத் திடல் ஏன் செத்துச்சு? அதைக் கண்டுபிடிங்க, ஊர் தானா வரும்.

பிச்சாவரத்துல ஆடு மாடும் விறகு வெட்டுறவனும்தான் காட்டை அழிச்சாங்கன்னு ரொம்ப காலம் எங்க மேலதான் பழி. 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து பாத்த பிறகுதான் வெளிய வந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல தொடங்கி 1970கள் வரைக்கும் அரசாங்கமே கூறு கூறா காட்டை மொட்டையடிச்சு வெட்டியிருக்கு. வேர் போனதும் மண்ணு அமுங்கி நடுவுல பள்ளம் விழுந்துச்சு. ஏறின தண்ணி இறங்க வழியில்லாம வெயில்ல காய்ஞ்சு உப்பாச்சு. அதுல என்ன முளைக்கும்? பழி நீங்கினதும்தான் எங்காளுங்க மண்வெட்டிய எடுத்தாங்க. கூலியும் கிடைச்சுது, அதை மறைக்க வேண்டாம்.

செஞ்ச வேலை இதுதான்: ஆத்துல இருந்து உள்ள ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால், மீன்முள்ளு மாதிரி. தண்ணி ஏறி இறங்க ஆரம்பிச்சா உப்பு கழுவிட்டுப் போயிடும். வெண்கண்டல்ங்கிற அலையாத்தி வகைக் கன்னை வாய்க்கால் கரை உச்சியிலயும் வைக்கக்கூடாது, தரையிலயும் வைக்கக்கூடாது, சரிவுல பாதியில வைக்கணும். ஐப்பசி கார்த்திகை மழையில உப்பு குறையும்போது நடுங்க. வாய்க்கால் தூர்ந்துடும், வாரிக்கிட்டே இருக்கணும். கம்பெனிக்காரன் இதுக்கு வரமாட்டான், ஊர்தான் செய்யணும்.

உங்க பக்கம் மீன் பிடிக்க வாய்க்கால் வெட்டுற பழக்கம் உண்டே. அந்தக் கரையோரம் மரம் எப்படி நிக்குதுன்னு பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. இதை அவங்களுக்கு நீங்க சொல்லித்தர வேண்டியதே இல்ல.

சேற்றுநண்டு:
ஊர்க்கூட்டம்னா ஆம்பளைங்க மட்டும்தானே உக்காருறாங்க? பிச்சாவரத்துல இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணியில கையால துழாவி இறால் பிடிச்சவங்க. எந்த மூலையில தண்ணி தேங்குது, எங்க ஓடுதுன்னு காலாலேயே தெரியும். உங்க ஊர்லயும் நண்டு பிடிக்கிற அக்காங்க இருப்பாங்க. அவங்க கரையேறுற நேரத்துல போய்க் கேளுங்க. கூலியையும் அவங்க கையிலயே கொடுங்க.

மணல்மேடு:
ஒரு எச்சரிக்கை. காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதியில்லாம ஒரு மண்வெட்டி மண்ணு எடுக்கக்கூடாது. ஆர்வத்துல ஜேசிபி இறக்கிடாதீங்க. முதல்ல ரேஞ்சர் ஆபீஸ் போங்க. கிராம வனக்குழு இருந்தா அதுல தீர்மானம் போட்டு எடுத்துட்டுப் போனா பேச்சு சுலபம். இடம் புறம்போக்கா இருந்தா தாசில்தார்.

கோரையாற்றங்கரை:
ரொம்ப நன்றி. பள்ளம் இருக்கு அண்ணே, நேத்து நடந்து பாத்தேன். நடுவுல வெள்ளை வெளேர்னு உப்பு. ஆடு மாட்டுக்கு என்ன வழி?

கிள்ளைக்காரன்:
வேலி போட்டா ராத்திரியோட ராத்திரியா பிரிச்சிடுவாங்க. மேய்க்கிறவங்க வீட்டுக்கே போங்க. மொத்தத் திடலையும் கேக்காதீங்க, ஒரு துண்டை மட்டும் கன்னு தலை தூக்குற வரைக்கும் விட்டுத்தரச் சொல்லுங்க. எந்தத் துண்டுன்னு அவங்களே காட்டட்டும். காவலுக்கு ஆள் போடுறதா இருந்தா அதுலயும் அவங்க வீட்டுப் பையனுக்கே முதல் கூலி.