நேபாள மன்னர்கள் சித்தோர் வாரிசுகளா? கான்சா, மிஞ்சாவுக்குப் பதில் சொல்லுங்கள்

மலைப்பாதை:
"நேபாள ஷா மன்னர்கள் சித்தோர் சிசோதியாக்களின் நேர் வாரிசுகள், இமயமலைக்கு அரசு என்பதையே கொடுத்தது ராஜஸ்தான்தான்" என்று வாள்முனை நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சிசோதியாக்கள் என்றால் ராஜஸ்தானின் மேவாரைச் சித்தோரிலிருந்து ஆண்ட ராஜபுத்திரக் குலம். 1559-இல் ஷா மன்னர்களின் முன்னோர் திரவிய ஷா நேபாள மலையிலுள்ள கோர்க்காவைப் பிடித்தார், சரி. அதற்கு முன் சித்தோர் வரை போக அரசகுலத்து வம்சாவளி ஏட்டை விட்டால் என்ன சான்று இருக்கிறது? அந்த ஏட்டிலும் மலைக்கு வந்த முன்னோர் பூபாலரின் மகன்கள் பெயர் கான்சா, மிஞ்சா. எந்த சிசோதியா தன் பிள்ளைக்கு மிஞ்சா என்று பெயர் வைத்தான்?

வாள்முனை:
சித்தோர் 1303-இல் அலாவுதீன் கில்ஜியிடம் விழுந்தது, 1568-இல் அக்பரிடம் விழுந்தது. நாடிழந்த குடும்பம் மலையேறியதில் என்ன அதிசயம்? கான்சா செல்லப்பெயர் ஐயா. நேபாளியில் கடைக்குட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதுகூடத் தெரியாமல் பேச வந்துவிட்டீர்கள்.

மலைப்பாதை:
அதே வம்சாவளி கான்சாவைத்தான் மூத்தவர் என்கிறது! மூத்த மகனைக் கடைக்குட்டி என்று எந்தத் தாய் அழைப்பாள்? 1568-ஐ ஏன் இழுத்தீர்கள்? அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே திரவிய ஷா கோர்க்காவில் அமர்ந்துவிட்டார். 1802-இல் காத்மாண்டு சென்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் ஹாமில்டன், 1819-இல் வெளியிட்ட நூலில், இந்த இரண்டு பெயர்களை வைத்தே இது நேபாள மலைப் பழங்குடியான மகர் குடும்பம் என்று எழுதினார். மிஞ்சாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வாள்முனை:
கம்பெனிக்காரன் சொன்னால் வேதவாக்கு, அரசகுலத்து ஏடு சொன்னால் புளுகு. உங்களுக்கு ராஜபுத்திரர்கள் என்றாலே ஆகாது. நேபாளத்தைப் பிரதமர்களாக ஆண்ட ராணாக்களும் மேவார் வழி என்றுதானே சொன்னார்கள்? அவர்களும் பொய்யர்களா?

மலைப்பாதை:
ஷா வேறு, ராணா வேறு. முதலில் அதைப் பிரித்துப் படியுங்கள். ராணா ஆட்சியைத் தொடங்கிய ஜங் பகதூர் பிறந்தது குன்வர் குடும்பத்தில். 1846-இல் காத்மாண்டு அரண்மனையில் நடந்த கோட் படுகொலைக்குப் பிறகு ஆட்சி அவர் கைக்கு வந்தது. 1848-இல் மன்னர் சுரேந்திரரின் செம்முத்திரை ஓலை, அதாவது அரசாணை, குன்வர்களை ராணா ஆக்கியது. இரண்டே ஆண்டில் மேவார் ரத்தம் ஊறிவிட்டதா?

படித்துறை:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள். 1950-இல் ஜம்மு காஷ்மீர் இளவரசர் கரண் சிங் ராணா குடும்பத்துப் பெண்ணைத்தான் மணந்தார். சமமானவர்கள் என்று நினைக்காமலா சம்பந்தம் செய்தார்கள்?

மலைப்பாதை:
1950-இல் நடந்த கல்யாணத்தை வைத்து ஆறு நூற்றாண்டுக்கு முந்தைய பிறப்பை எப்படி அம்மா நிறுவுவது?

காங்ரா நேசன்:
மலை அரசு என்றால் கோர்க்கா மட்டும்தானா? இன்றைய இமாச்சலத்திலுள்ள காங்ராவை ஆண்ட கட்டோச் வம்சத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. 1806 முதல் 1809 வரை முற்றுகையிட்டும் கோர்க்காப் படையால் காங்ராக் கோட்டைக்குள் நுழைய முடியவில்லை.

வாள்முனை:
கோட்டை கட்டோச்சுகளிடமே நின்றதா? காங்ரா அரசர் சன்சார் சந்த் பஞ்சாபின் ரஞ்சித் சிங்கை உதவிக்கு அழைத்தார், கூலியாகக் கோட்டையையே கொடுத்தார். கோர்க்காக்கள் 1790-இல் அல்மோராவையும், 1804-இல் கடுவால் அரசர் பிரத்யுமன் ஷாவை வீழ்த்திக் கடுவாலையும் எடுத்தவர்கள். அது ராஜபுத்திர வீரம்.

காங்ரா நேசன்:
அந்தக் கோர்க்காப் படைத்தளபதி அமர் சிங் தாப்பா ராஜபுத்திரரா? போன மாதம் ஜோத்பூர் ராத்தோர்களையும் மேவாரையும் ஒரே வம்சம் என்று எழுதியவர் நீங்கள்தானே. அன்று திருத்தியதற்கு இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

வாள்முனை:
அது தட்டச்சுப் பிழை. எத்தனை முறை அதையே கிளறுவீர்கள்?

மலைப்பாதை:
கோர்க்கா மாவட்டத்தில் மனகாமனா கோயிலுக்கு நான் போயிருக்கிறேன். கோர்க்கா அரசியின் கதையோடு பின்னிய கோயில் அது. ஈரம் படிந்த கல்தரையில் ஆட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே பூசை செய்தவர் மகர். வழிவழியாக அவர் குலத்துக்குத்தான் அந்த உரிமை. அந்த மண்ணின் மனிதர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாம் சித்தோர் என்று எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வாள்முனை:
பூசாரி மகர் என்றால் அரசனும் மகரா? என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சித்தோர் கதை சொல்லி வளர்த்தார்கள். நீங்கள் சொல்லி அதை விடமாட்டேன்.

மலைப்பாதை:
விட வேண்டாம். மூத்தவனுக்குக் கான்சா, இளையவனுக்கு மிஞ்சா. நான்காவது முறை கேட்கிறேன்.

வாள்முனை:
செல்லப்பெயர் என்று சொல்லியாகிவிட்டது.