மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்: கூரை வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: மேல்மாடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கட்டி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முன்பகுதி கான்கிரீட் தளம். பின்பகுதி இரும்புத் தகடு வேய்ந்த சாய்கூரை. இரண்டு மழைக்காலங்களாகப் படுக்கையறையின் மேற்புறத்தில் ஈரம் படர்ந்து பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. தகட்டுக் கூரையிலும் இரண்டு மூன்று இடங்களில் சொட்டுகிறது.

மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்துக் காட்டினேன். முதலாமவர் மாடிக்கே ஏறாமல், படுக்கையறையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மாடி முழுவதும் ரப்பர் பூச்சு அடித்தால் போதும், 10 ஆண்டு உத்தரவாதம் என்றார். இரண்டாமவர் மாடியைப் பார்த்தபின், பழைய தளத்தின் மேலடுக்கை முழுவதும் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போடவேண்டும் என்றார். அவர் கேட்கும் தொகை முதலாமவர் கேட்டதைப் போல் மூன்று மடங்கு. மூன்றாமவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிப் பார்த்தார், நிறையக் கேள்விகள் கேட்டார், ஆனால் விலை சொல்லவில்லை. தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும், அந்தச் சோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்று சொல்லிப் போய்விட்டார்.

விலை குறைவு, உத்தரவாதமும் இருக்கிறது, முதலாமவரிடமே கொடுத்துவிடலாம் என்பது வீட்டில் உள்ளவர்களின் எண்ணம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று அவர்களுக்கு விளக்கவும் தெரியவில்லை. எதைப் பார்த்து ஒருவரை நம்பலாம்?

மறுமொழி 1: பழைய மேற்பார்வையாளர்

கட்டுமான மேற்பார்வையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று முதலாமவர் பார்க்கவேயில்லை. நோயைப் பார்க்காமல் மருந்துக்கு விலை சொல்லியிருக்கிறார்.

கான்கிரீட் தளத்தில் தண்ணீர் இறங்கும் இடமும் உள்ளே ஈரம் தெரியும் இடமும் நேர்மேல், நேர்கீழ் என்று இருப்பது அரிது. விரிசலில் நுழைந்த நீர் கம்பியோரமாகவோ, மேலடுக்குக்கும் தளத்துக்கும் நடுவிலோ பல அடி தூரம் ஓடி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே சொட்டும். பெரும்பாலும் குற்றம் தளத்தின் நடுப்பகுதியில் இருப்பதில்லை. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலை, வடிகுழாயின் வாய், தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் குழாய்களின் சுற்றுப்புறம் ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மழை இல்லாத நாட்களிலும் ஈரம் அப்படியே இருந்தால், தண்ணீர்த் தொட்டிக் குழாய் கசிகிறதா என்று பார்க்காமல் கூரையில் கைவைப்பது வீண்செலவு.

மூன்றாமவர் சொன்ன சோதனை, வடிகுழாயை அடைத்துவிட்டுத் தளத்தில் 24 மணி நேரமாவது தண்ணீர் கட்டி வைப்பதாக இருக்கும். நல்ல சோதனைதான். ஆனால் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றாலே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை ஏறும் என்பதை மறக்கக்கூடாது. உள்ளே கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது என்றால், ஒரு பொறியாளர் பார்க்கும்வரை தண்ணீர் கட்டவே கூடாது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அந்த இடத்தில் கம்பியைச் சுத்தம் செய்யாமல் வெறும் சிமென்ட் பூசி மூடுகிறேன் என்று யார் சொன்னாலும் அவரை அனுப்பிவிடுங்கள்.

இரண்டாமவரைப் பேராசைக்காரர் என்று உடனே தள்ளிவிட வேண்டாம். மேலடுக்கு நீரைக் குடித்து ஊறிப்போயிருந்தால் அவர் சொல்வதுதான் சரி. ஈரத்தின்மேல் அடித்த பூச்சு, வெயில் ஏறியதும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கொப்புளமாகக் கிளம்பிவிடும். இதை நீங்களே பார்க்கலாம். மழை இல்லாத நாளில், சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி ஒட்டுநாடாவால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. மூன்று நான்கு இடங்களில் செய்து பாருங்கள்.

மறுமொழி 2: ஒருமுறை ஏமாந்தவர்

மேலே ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் உங்கள் முதலாமவரைப் போன்ற ஒருவரிடம்தான் வேலையைக் கொடுத்தேன். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் முன்பணமாக வாங்கிக்கொண்டார். இரண்டே நாளில் மாடி பளபளவென்று வெள்ளையாகிவிட்டது, எனக்கும் மகிழ்ச்சி. அடுத்த மழைக்கே பூச்சு தோல் உரிந்தது. அவருடைய தொலைபேசி எண் அதற்கு முன்பே அணைந்துவிட்டது.

எங்கே ஏமாந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் பூச்சைப் பரப்பினால் ஈரமாக இருக்கும்போது அதன் தடிமன் சரியாக 1 மில்லிமீட்டர். அந்தப் பூச்சில் கொள்ளளவின்படி திடப்பொருள் 60 சதவீதம் என்றால், உலர்ந்தபின் மிஞ்சுவது 0.6 மில்லிமீட்டர். என் மாடி 100 சதுர மீட்டர். உலர்ந்த நிலையில் 1 மில்லிமீட்டர் வேண்டுமானால் கிட்டத்தட்ட 167 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி ஒன்பது, வந்திருக்க வேண்டும். வந்தவை மூன்று. அவற்றிலும் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

ஆகவே, "தரமான ரப்பர் பூச்சு, இரண்டு கோட்" என்று எழுதிக்கொடுக்கும் மதிப்பீட்டை வாங்காதீர்கள். பரப்பு எத்தனை சதுர மீட்டர், பொருளின் பெயர் என்ன, உலர்ந்தபின் தடிமன் எவ்வளவு, மொத்தம் எத்தனை லிட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முத்திரை உடையாத வாளிகள் உங்கள் கண்முன் திறக்கப்பட வேண்டும். வேலை முடியும்வரை காலி வாளிகளை அங்கேயே வைத்திருக்கச் சொல்லி எண்ணிக்கொள்ளுங்கள். என் மனைவி அப்போதே வாளியை எண்ணச் சொன்னாள். நான்தான் மரியாதைக் குறைவாக இருக்கும் என்று கூச்சப்பட்டேன்.

பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். கடைசித் தவணையை, ஒரு நல்ல மழை பெய்து உள்ளே ஈரம் வரவில்லை என்று பார்த்தபின் தருவதாக முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

மறுமொழி 3: தகட்டுக்கூரை

எல்லோரும் தளத்தையே பேசுகிறார்கள். நான் தகட்டுக் கூரை வேலை செய்பவன், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தகடு ஒழுகினால் பெரும்பாலும் திருகாணித் துளையில்தான் கோளாறு இருக்கும். திருகாணியின் கீழுள்ள ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது போடும்போதே அதிகமாக முடுக்கி நசுக்கியிருப்பார்கள். துளையின்மேல் பசையை அப்பிவிட்டுப் போகிறவரைவிட, பழைய திருகாணியைக் கழற்றிப் புதியதைப் போடுகிறவரைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, தகடு வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தை அவர் எப்படி மூடப்போகிறார் என்று கேளுங்கள். தகட்டுப் பட்டையைச் சுவரில் காடி (நீளமான குறுகிய பள்ளம்) வெட்டிச் செருகுவேன் என்றால் வேலை தெரிந்தவர்.

பழைய சிமென்ட் அட்டைக் கூரை எங்கேனும் இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதை உடைப்பதோ துளையிடுவதோ கூடாது. அதன் தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்டது. கூசாமல் சுத்தியலை எடுக்கும் ஆளிடம் வேறு எதையும் ஒப்படைக்க வேண்டாம்.

மேலே ஏறும் ஆட்களுக்குப் பாதுகாப்புக் கயிறு உண்டா, விபத்துக் காப்பீடு உண்டா என்றும் கேட்டு, காப்பீட்டுத் தாளைக் கண்ணால் பாருங்கள். உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் அது ஒப்பந்தக்காரரின் கவலையாக மட்டும் இருக்காது.

மேல்மாடி

மூவருக்கும் மிக்க நன்றி. பிளாஸ்டிக் தாளை நான்கு இடங்களில் ஒட்டிப் பார்த்தேன். மூன்று இடம் காய்ந்திருக்கிறது. கைப்பிடிச்சுவரை ஒட்டிய ஓர் இடத்தில் மட்டும் தாளின் அடியில் துளி கோத்திருக்கிறது. உள்ளே கம்பி எங்கும் தெரியவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் மீதம். வீட்டில் உள்ளவர்கள் இன்னும் அந்த 10 ஆண்டு உத்தரவாதத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மதிப்பே இல்லையா?

பழைய மேற்பார்வையாளர்

யார் தரும் உத்தரவாதம் என்பதைப் பொறுத்தது. பூச்சைத் தயாரித்த நிறுவனம் தருவது பொருளுக்கு மட்டும். பொருள் கெட்டிருந்தால் புதிய வாளி தருவார்கள், அடித்த விதம் தவறு என்றால் கைவிரித்துவிடுவார்கள். அடித்த விதத்துக்கு ஒப்பந்தக்காரர்தான் பொறுப்பு. அவர் தொழில் தொடங்கியே நான்கு ஆண்டு ஆகிறது என்றால் 10 ஆண்டு என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அதைவிட, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் முடித்த இரண்டு வீடுகளைக் காட்டச் சொல்லி, வீட்டுக்காரர் அனுமதியோடு மாடி ஏறிப் பாருங்கள். போன மாதம் முடித்த வேலை எல்லோருடையதும் அழகாகத்தான் இருக்கும். உத்தரவாதம் எந்தெந்தச் சூழலில் ரத்தாகும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பிறகு சூரிய மின்தகடு வைக்கத் துளை போட்டால் அதோடு முடிந்தது என்று பலர் சொல்வதுண்டு.

உங்கள் தளத்தில் ஈரம் ஒரே ஓரத்தில் இருப்பதால் முழுவதும் பெயர்க்கத் தேவையிருக்காது என்று தோன்றுகிறது. இருந்தாலும் தண்ணீர்ச் சோதனை முடியட்டும்.

மேல்மாடி

மூன்றாமவரைச் சோதனைக்கு வரச் சொல்லிவிட்டேன். மற்ற இருவரிடமும் பரப்பு, தடிமன், லிட்டர் கணக்கோடு எழுத்தில் கேட்டேன். தாளின் முடிவைச் சொன்னதும் இரண்டாமவர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, ஓரத்தை மட்டும் பெயர்த்தால் போதும் என்று திருத்திய மதிப்பீடு அனுப்பியிருக்கிறார். முதலாமவர், "அப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் வேலை செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார். அதை ஒலிபெருக்கியில் வைத்து வீட்டில் உள்ளவர்களும் கேட்டார்கள்.