ஸ்விஃப்டில் தேதி ஸ்ட்ரிங்: மில்லிசெகண்ட் ஒன்றில் இருக்கு, ஒன்றில் இல்லை

வணக்கம். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் எழுதிய ஐஓஎஸ் (ஐபோன்) ஆப். சர்வரில் இருந்து வரும் நேரம் சில பதிவுகளில் 18:45:00 என்றும், சிலவற்றில் 18:45:00.000 என்றும் இருக்கிறது. இரண்டின் கடைசியிலும் இசட் (யூடிசி நேரம் என்பதன் குறி) உண்டு. இத்தகைய ஸ்ட்ரிங்கைத் தேதியாக மாற்றும் ஐஎஸ்ஓ8601டேட்ஃபார்மேட்டர் சாதாரணமாக முதல் வகையை மட்டும்தான் படிக்கும். வித்ஃப்ராக்‌ஷனல்செகண்ட்ஸ் ஆப்ஷனைச் சேர்த்தால் இரண்டாவது சரியாகிறது, முதலாவது 'நில்', அதாவது மதிப்பே இல்லை என்று ஆகிவிடுகிறது (பெயருக்கேற்றபடி அங்கேயே நின்றுவிடுகிறது!).

பேட்டர்னை நாமே எழுதித் தரும் டேட்ஃபார்மேட்டருக்கு மாறச் சொல்வதற்கு முன்: லொகேலை (மொழி, வட்டார அமைப்பு) போன் செட்டிங்கால் மாறாத 'ஈஎன் யூஎஸ் பாசிக்ஸ்' என்று வைத்தே சோதித்தாகிவிட்டது. அதை வைக்காவிட்டால், போன் செட்டிங்கில் 24 மணி நேர முறையை அணைத்தவர்களிடம் பெரிய எச் (24 மணி நேரக் குறி) பேட்டர்ன் தோற்கும். தாய்லாந்தின் பௌத்த நாட்காட்டி வைத்திருப்பவர்களிடம் ஆண்டே தவறும். அங்கே 2024 என்பது 2567. பேட்டர்னில் இசட்டை மேற்கோளுக்குள் போடுவதும் வேண்டாம். அது வெறும் எழுத்தாகிவிடும், நேரம் போனின் டைம்ஸோனில் எடுக்கப்படும். இந்தியாவில் 5 மணி 30 நிமிடம் பிசகும்: மறுநாள் 00:15 என்று காட்ட வேண்டியது அதே நாள் 18:45 ஆக நிற்கும்.

இப்போதைக்கு, சர்வரின் ஜேசன் தரவைப் படிக்கும் ஜேசன்டீகோடரின் கஸ்டம் முறையில் இரண்டு ஃபார்மேட்டர்களை ஸ்டாட்டிக்காக (ஒருமுறை மட்டும் உருவாக்கி) வைத்து, ஒன்று 'நில்' தந்தால் மற்றதை முயல்கிறேன். வேலை செய்கிறது, ஆனால் 2,000 வரி லிஸ்டில் பாதி வரிகளுக்கு இரண்டு முறை பார்ஸ் ஆகிறது. ஸ்ட்ரிங்கில் புள்ளி இருக்கிறதா என்று முதலில் பார்த்து ஃபார்மேட்டரைத் தேர்ந்தெடுப்பது நல்லதா? இரண்டையும் அளந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சர்வரை மாற்ற வழியில்லை.