சின்ன டீம் கப் மேட்ச்ல தோத்த ராத்திரி: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வியாசர்பாடியிலிருந்து:

சின்ன ஃபுட்பால் டீம் ஒண்ணு கப் மேட்ச்ல பெரிய டீம்கிட்ட தோத்துட்டா, கமென்ட்ரியில ஆரம்பிச்சு டீக்கடை வரைக்கும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "இவ்ளோ தூரம் வந்ததே பெருசுப்பா." இதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஆடினவன் ஜெயிக்கத்தான் வந்தான். அவன் ஜெயிப்பான்னு நாமதான் கடைசிவரைக்கும் நம்பலன்னு அந்தப் பேச்சுலயே தெரிஞ்சுபோகுது. லீக்ல தோத்தா அடுத்த வாரம் இன்னொரு மேட்ச் இருக்கு, பாயின்ட்ஸ் கணக்கு இருக்கு. நாக்அவுட்ல விசில் ஊதினா முடிஞ்சது. அடுத்த வருஷம் அதே பதினோரு பேர் சேர்ந்து இறங்குவாங்கன்னு சொல்லவே முடியாது. ஒருத்தனுக்கு வேலை கிடைச்சிடும், ஒருத்தனுக்கு முட்டி போயிடும், ஒருத்தன் துபாய்க்குக் கிளம்பிடுவான்.

எனக்கு மறக்கவே முடியாத மேட்ச் 2000-ம் வருஷ பிரெஞ்ச் கப் ஃபைனல். அப்புறமா வீடியோவுலதான் பார்த்தேன், எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல. கலேன்னு ஒரு ஊரு. பிரான்ஸோட வடக்குக் கரையில, இங்கிலாந்துக்குக் கப்பல் போற துறைமுகம். அந்த ஊர் டீம் நாலாவது டிவிஷன், அமெச்சூர், பகல்ல வேற வேலை பார்த்துட்டு வந்து பிராக்டிஸ் பண்ற ஆளுங்க. காலிறுதியில ஸ்ட்ராஸ்பூரைத் தட்டினாங்க. செமிஃபைனல்ல முந்தின வருஷ பிரான்ஸ் சாம்பியன் போர்தோவை எக்ஸ்ட்ரா டைம்ல 3-1. ஃபைனல்ல எதிர்ல நான்ட், முதல் டிவிஷன் டீம். மே 7, பாரீஸ் பக்கத்துல ஸ்டாட் டி ஃபிரான்ஸ். முதல் கோல் போட்டதே கலேதான்! இடைவேளைக்கு 1-0ன்னு முன்னாடி நிக்கறாங்க. ரெண்டாவது பாதி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல நான்டோட சிபியெர்ஸ்கி ஒண்ணு போட்டான். அப்புறம் 90வது நிமிஷம் பெனால்டி, அதையும் அவனே உள்ள அனுப்பினான். 2-1.

கப் வாங்கப் போகும்போது நான்ட் கேப்டன் லாந்த்ரோ, கலே கேப்டனையும் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேருமா தூக்கினாங்க. பெரிய மனசுதான், மறுக்கல. ஆனா இந்த மேட்ச்சுன்னாலே எல்லாரும் அந்தப் போட்டோவைத்தான் காட்டறாங்க. முதல் பாதியில கலேயோட நடுக்களம் எப்படி அழுத்தி ஆடிச்சு, இடைவேளைக்கு அப்புறம் ஏன் பின்னாடி போய் உக்காந்தாங்க, இதைப் பேச ஆளே இல்ல. அந்த கிளப்பையே 2017-ல இழுத்து மூடிட்டாங்க. அதனாலதான் மேட்ச்சைப் பத்திப் பேசணும்னு கேக்கறேன்.

நேர்ல பார்த்தது, டிவியில பார்த்தது, நீங்களே ஆடினது, எதுவா இருந்தாலும் எழுதுங்க.

காசிமேட்டிலிருந்து:

அண்ணா, எனக்கு மரைன் மேட்ச். 2021 ஜனவரி 10, இங்கிலாந்தோட நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கப், மூணாவது ரவுண்டு. லிவர்பூல் பக்கத்துல கிராஸ்பின்னு ஒரு ஊரு, அவங்க டீம்தான் மரைன், எட்டாவது டிவிஷன். எதிர்ல வந்தது டோட்டன்ஹாம், மொரின்யோ கோச். கொரோனா நேரம், ஆளே விடல. நம்ம டைம்ல ராத்திரி பத்தரைக்கு ஆரம்பிச்சுது. விடிகாலை ஏலத்துக்குப் போகணும், தூங்குடான்னு அம்மா திட்டினாங்க, நான் போனை விடல.

அந்த கிரவுண்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு பக்கம் முழுக்க வீட்டுங்களோட பின்பக்கத் தோட்டம். கோட்டுக்கு அந்தாண்ட வேலி, வேலிக்கு அந்தாண்ட குடும்பமா நின்னு பாக்கறாங்க. டோட்டன்ஹாமோட பெயில் வார்ம்அப் பண்ணும்போது அந்த வேலிக்கும் அவருக்கும் நடுவுல நாலு எட்டுதான் இருக்கும். நம்ம பக்கம் மொட்டைமாடியில இருந்து, காம்பவுண்டு சுவர் மேல இருந்து பாக்கற மாதிரியே.

அது 0-5ன்னு முடிஞ்சது. எல்லாரும் அந்த 5-ஐத்தான் சொல்றாங்க. ஆனா 0-0ன்னு இருக்கும்போது மரைன் பையன் ஒருத்தன், கெங்னின்னு பேரு, தூரத்துலேருந்து அடிச்ச பால் கிராஸ்பார்ல பட்டுச்சு. கோலி, அதான் கோல்கீப்பர், அசையவே இல்ல. அது ஒரு சாண் கீழ போயிருந்தா எட்டாவது டிவிஷன் டீம் டோட்டன்ஹாமுக்கு எதிரா 1-0. கொஞ்ச நேரத்துலயே டோட்டன்ஹாமோட வினிசியஸ் முதல் கோல் போட்டான், அப்புறம் மேட்ச் கைய விட்டுப் போயிடுச்சு. அந்த ஷாட்டுக்கு முன்னாடி பாலை வாங்கி ஒரே டச்ல இடம் பண்ணிக்கிட்டான் பாருங்க, அதை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

இன்னொண்ணும் சொல்லணும். யாரும் உள்ள வர முடியாதுன்னதும் பத்து பவுண்டுக்கு ஆன்லைன்லயே டிக்கெட் வித்தாங்க, சும்மா பேருக்கு. முப்பதாயிரத்துக்கு மேல வித்துச்சு. அதுல டோட்டன்ஹாம் ரசிகர்களும் ஏகப்பட்ட பேர். அது ஆறுதல் வார்த்தை இல்ல, கையில காசு. அந்த மாதிரி மரியாதைன்னா எனக்குச் சம்மதம்.

எம்கேபி நகரிலிருந்து:

நான் சொல்றது சின்ன கிளப் இல்ல, ஆனா நம்ம பையன். 2023 டூரண்ட் கப், இந்தியாவுல நடக்கற ஃபுட்பால் போட்டி. ஆகஸ்ட் 12 கொல்கத்தா டெர்பியில, அதாவது ஈஸ்ட் பெங்கால்-மோகன் பகான் மேட்ச்ல, நந்தகுமார் கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் 1-0 ஜெயிச்சுது. நாலரை வருஷத்துக்கு அப்புறம் மோகன் பகானை ஜெயிச்சாங்க, போட்டது வியாசர்பாடி காலு. எங்க தெருவுல அன்னிக்கு ராத்திரி யாரும் தூங்கல. செமிஃபைனல்லயும் கடைசி நிமிஷத்துல தலையால முட்டி 2-2 ஆக்கினது அவர்தான், அப்புறம் பெனால்டியில ஜெயிச்சாங்க.

செப்டம்பர் 3 ஃபைனல்ல மறுபடியும் மோகன் பகான். அவங்க ஆளு ஒருத்தர் சிவப்பு அட்டை வாங்கி பத்து பேரா ஆயிட்டாங்க. அப்படி இருந்தும் அவங்க பெட்ராடோஸ் ஒத்தையா ஓடி வந்து அடிச்ச கோல்ல 0-1 தோத்தோம். அடுத்த நாள் டீக்கடையில ஒருத்தர்கூட "ஃபைனல் வந்ததே பெருசு"ன்னு சொல்லல. பத்து பேர் டீமுக்கு எதிரா ஏன் அகலமா ஆடல, அந்த கோலுக்கு முன்னாடி மிட்ஃபீல்டுல யாரு நிறுத்தியிருக்கணும்னு ஒரு வாரம் சண்டை. பெரிய கிளப்புன்னா இப்படிப் பேசறோம். அதே மாதிரி நம்ம செகண்ட் டிவிஷன் பசங்க தோத்தாலும் பேசணுங்கறதுதான் என் கட்சியும்.

பெரம்பூரிலிருந்து:

எனக்கு இதுல முழுசா உடன்பாடு இல்ல தம்பி. சாயங்காலம் சின்னப் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்குடுக்கறவன் நான். பன்னெண்டு வயசுப் பையன் பெனால்டி வெளிய அடிச்சிட்டு அழுதுட்டு வரும்போது அவன்கிட்ட போய் டாக்டிக்ஸ் பேச முடியாது. தோள்ல கை போட்டு "நல்லா ஆடினப்பா"ன்னுதான் சொல்லணும். சொல்லலன்னா அடுத்த நாள் அவன் கிரவுண்டுக்கே வரமாட்டான். நம்ம ஏரியாவுல கிரவுண்டுக்கு வராத பையன் எங்க போய் நிப்பான்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம், வந்த தூரமும் பெருசுதான், அதையும் மறைக்க வேணாம். 2017-ல லிங்கன் சிட்டி அஞ்சாவது டிவிஷன்ல இருந்துக்கிட்டு எஃப்.ஏ. கப் காலிறுதி வந்துச்சு. 1914-க்கு அப்புறம் மேல் டிவிஷன்களோட லீக்குக்கு வெளிய இருக்கற எந்த டீமும் அங்க வந்தது இல்ல. ஆர்சனல்கிட்ட 0-5 தோத்தாங்க. கோச் ரெண்டு பேரும் அண்ணன் தம்பி, முன்னாடி ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்தவங்க. தோத்துட்டு உக்காந்துடல. அடுத்த மாசமே அவங்க அஞ்சாவது டிவிஷனை ஜெயிச்சு மேல போயிட்டாங்க. ஜெயிக்கலன்னாலும் அந்த ஓட்டம் அவங்களுக்கு நம்பிக்கை குடுத்துச்சு. மெய்ட்ஸ்டோனும் அப்படித்தான். 2024 ஜனவரியில ஆறாவது டிவிஷன்ல இருந்துக்கிட்டு ரெண்டாவது டிவிஷன் இப்ஸ்விச்சை அவங்க ஊர்லயே 2-1 தட்டினாங்க. இப்ஸ்விச் கிட்டத்தட்ட நாப்பது ஷாட் அடிச்சுது, இவங்க கிடைச்ச ரெண்டையும் கோலாக்கினாங்க. அடுத்த ரவுண்டுல கவென்ட்ரிகிட்ட 0-5. அந்த ஸ்கோரைப் பார்த்துட்டு என்னத்தைக் குறை சொல்ல?

வியாசர்பாடியிலிருந்து:

அண்ணா, சின்னப் பசங்க விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி. நான் பெரியவங்க மேட்ச்சைத்தான் சொன்னேன். ஆனா அந்த 0-5ல அஞ்சு கோலும் எப்படி வந்துச்சுன்னு பார்த்தா நமக்கும் பாடம் இருக்குமே.

புளியந்தோப்பிலிருந்து:

அண்ணாங்க எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி லெஃப்ட் பேக், இடப்பக்க டிஃபென்டரா ஆடறான். லோயர் டிவிஷன் டீம்தான், பேரு வேணாம். போன சீசன்ல ஒரு நாக்அவுட்ல, எல்லாருக்கும் வேலை குடுத்து ஆள் எடுத்திருக்கற ஒரு பெரிய டீமோட மேட்ச். 1-1ன்னு கடைசிவரைக்கும் போச்சு. முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கார்னர், கோல். நானும் அப்பாவும் கிரவுண்டுலதான் இருந்தோம்.

முடிஞ்சதும் ஆளாளுக்கு வந்து கை குடுத்தாங்க. "சூப்பர்டா, அவனுங்களுக்கு எதிரா இவ்ளோ ஆடினதே பெருசு." தம்பி எல்லாருக்கும் தலையாட்டினான். பைக்ல வரும்போது ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து ஷின்கார்டைக் கழட்டினா, ஸாக்ஸ் காலோட ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது, ரத்தம் காஞ்சுபோய். அம்மா வெந்நீர் வெச்சு நனைச்சு நனைச்சு எடுத்தாங்க. அப்பவும் அவன் சுவரையே பார்த்துட்டு இருந்தான். சோறு வேணாம்னுட்டான்.

எங்க அப்பா பின்னி மில்லுல வேலை பார்த்தவர், அந்தக் காலத்துல ஷிஃப்ட் முடிஞ்சு பால் ஆடுவார். அவர் ஆறுதல் எல்லாம் சொல்லல. நேரா கேட்டார்: "அந்த எட்டாம் நம்பர் பையன் முன்னாடி ரெண்டு கார்னர்லயும் அந்தாண்ட கம்பத்துக்கு, பின்போஸ்டுக்குத்தான் ஓடினான். உங்கள்ல ஒருத்தனும் கூட ஓடலியே, யாரு அவனுக்கு ஆளு?"

தம்பிக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "எனக்குத் தெரியும்ப்பா, நான் கத்தினேன், நடு டிஃபென்ஸ்ல நின்ன ஸ்டாப்பருக்குக் கேக்கல"ன்னான். அப்பா விடல. "கத்தினா போதுமா, பிடிச்சுத் தள்ளி நிறுத்தணும்." அவ்ளோதான், ரெண்டு பேரும் தரையில உக்காந்துட்டாங்க. தம்பி சொம்புல இருந்த தண்ணியில கைய நனைச்சு சிமெண்ட் தரையில பாக்ஸ் கோடு போட்டான். யாரு எங்க நின்னான்னு புளியங்கொட்டை வெச்சுக் காட்டினான். ஃபேன் காத்துல கோடு காயக் காய மறுபடி மறுபடி போட்டான். நடுவுல அம்மா தட்டைக் கொண்டுவந்து வெச்சாங்க, அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே சாப்பிட்டான். மணி ஒண்ணு ஆயிடுச்சு.

அப்பா அவனைத் திட்டினார்னு பக்கத்து வீட்டுல நினைச்சாங்க. அன்னிக்கு அவனை ஒரு ஆட்டக்காரனா நினைச்சுப் பேசினது அப்பா ஒருத்தர்தான்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

புளியந்தோப்பு தங்கச்சி, நீங்க சொல்ற மேட்ச் எதுன்னு புரிஞ்சிடுச்சு. நான் எதிர்ப்பக்கம், அந்தக் கார்னர் கொடிக்குப் பக்கத்துல நின்னிருந்தேன். உங்க அப்பா சொன்னது சரி, ஆனா பாதிதான். எட்டாம் நம்பர் பின்போஸ்டுக்கு ஓடினது ஆளை இழுக்க. அதுக்கு முன்னாடியே முன்போஸ்டுல ஒருத்தன் நம்ம கோலியை மறைச்சு நின்னான், கோலியால வெளிய வந்து குத்தவே முடியல. உங்க தம்பி கத்தினதும் உண்மை, எனக்கே கேட்டுச்சு. அவன் மேல தப்பு சொல்ல முடியாது, அவன் போஸ்டை விட்டு நகர்ந்திருந்தா முன்னாடியே கோல் விழுந்திருக்கும்.

என் கணக்குல தப்பு வேற இடத்துல. 80 நிமிஷத்துக்கு மேல நம்ம பசங்க கார்னருக்கு எல்லாரும் பாக்ஸ்குள்ள வந்துட்டாங்க, மேல ஒருத்தனைக்கூட விடல. அதனால அவங்க ஸ்டாப்பர் ரெண்டு பேரும் பயமில்லாம முன்னாடி ஏறி வந்தாங்க, கோல் போட்டது அதுல உயரமா இருந்தவன். வேகமான பையன் ஒருத்தனை நடுக்கோட்டுல நிறுத்தியிருந்தா அவங்க ரெண்டு பேரைப் பின்னாடி வெச்சே ஆகணும். பிராக்டிஸ்ல இதைச் சொல்லச் சொல்லுங்க. அந்தக் கோலியையும் ஒரு ஆளை மோதி நிறுத்திட்டு உயரப் பாலை எடுக்கச் சொல்லுங்க. இந்த வருஷம் டிராவுல மறுபடியும் அதே டீம் வந்தா அவங்க அதே கார்னரைத்தான் போடுவாங்க.