ஃபர்ஸ்ட் இயர், டே ஸ்காலர், நாலரைக்கு பஸ். காலேஜ்ல எதுல சேர்றது?

முசிறிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்திருக்கேன், ஊரு முசிறி தாண்டி ஒரு கிராமம். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்தான். காலேஜ் தொறந்ததுல இருந்து தினம் யாராவது ஒரு சீனியர் க்ளாஸுக்குள்ள வந்து எங்க க்ளப்ல சேருங்கன்னு பேசிட்டு வாட்ஸப் க்ரூப்ல ஃபார்ம் லிங்க் போட்டுட்டுப் போறாங்க. என்எஸ்எஸ், என்சிசி, ஒய்ஆர்சி, ரோட்ராக்ட், தமிழ் மன்றம், கோடிங் க்ளப், போட்டோகிராபி க்ளப்னு லிஸ்ட் போயிட்டே இருக்கு, எது எதுக்குன்னே புரியல.

என் பிரச்சனை என்னன்னா காலேஜ் பஸ் 4.30க்கு எடுத்துருவாங்க, அதை விட்டா டவுன் பஸ் புடிச்சு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போயி அங்க இருந்து முசிறி பஸ் மாறி வீடு வர ராத்திரி ஆயிரும். கேம்ப்னு வெளியில தங்குறதுக்கு அப்பா விடுவாரான்னு தெரியல. ஸ்டேஜ் ஏறி பேசுறது சுத்தமா வராது, இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குற பசங்க நிக்கிற எடத்துல போயி நிக்கவே கூச்சமா இருக்கு. ஆனா க்ளாஸ், லேப், பஸ்ஸுன்னே நாலு வருஷமும் போயிரக்கூடாது. என்னை மாதிரி ஆளு எதுல சேர்ந்தா ஒட்டிக்க முடியும்? அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பெரம்பலூரான்:
தங்கச்சி மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்னா என்சிசி (தேசிய மாணவர் படை), என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்), என்எஸ்ஓ (ஸ்போர்ட்ஸ்), ஒய்ஆர்சி (யூத் ரெட் கிராஸ்) இதுல ஏதாவது ஒண்ணுல பேரு குடுத்தாகணும்னு ரெகுலேஷன்லயே போட்டிருப்பாங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம், ரோட்ராக்ட்ல (ரோட்டரி சங்கத்தோட இளைஞர் க்ளப்) சேரலைன்னு யாரும் உங்க ஹால் டிக்கெட்ட புடிச்சு வைக்க மாட்டாங்க, அதனால சீனியர் வந்து மெரட்டுற மாதிரி பேசுனாலும் பயப்படாதீங்க.

நான் என்எஸ்எஸ்ல இருந்தவன், அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன். கணக்குப்படி வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240, அதோட ஒரு ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப், இதெல்லாம் முடிச்சாதான் சர்டிபிகேட். வருஷா வருஷம் செப்டம்பர் 24 என்எஸ்எஸ் டே வரும், 1969ல காந்தி நூற்றாண்டு வருஷத்துல 37 யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச நாளு அது. அன்னைக்கு ஒரு பேரணி, ஒரு மரக்கன்னு, அந்த ஒரு கன்னைச் சுத்தி இருவது பேரு நின்னு ஒரு போட்டோ, எந்த காலேஜ் போனாலும் இது நிச்சயம். அதைப் பாத்துட்டு இவ்ளோதானான்னு விட்டுறாதீங்க, நெஜமான வேலை கேம்ப்லதான் இருக்கு.

தத்தெடுத்த கிராமம்னு ஒண்ணு இருக்கும், அங்க ஸ்கூல்லயோ சமுதாயக் கூடத்துலயோ தங்க வைப்பாங்க. காலைல சீமைக்கருவேலம் வெட்டுறது, வரத்து வாய்க்கால்ல கெடக்குற குப்பைய அள்ளுறது, மதியத்துக்கு மேல கண் சிகிச்சை முகாமோ கால்நடை முகாமோ நடக்கும். மொத நாள் ஊர்ப் பெருசுங்க திண்ணைல உக்காந்துகிட்டு வருஷா வருஷம் வர்றீங்க போறீங்க, எங்க தண்ணி டேங்க்க கழுவி விட்டீங்களான்னு கேப்பாங்க, கேக்குறதும் நியாயம்தான். நாலாவது நாளு அதே ஆளுங்க வீட்ல இருந்து மோர் வரும். ஸ்டேஜ் பேச்சு வராதுன்னு சொல்றீங்களே, அந்த ஊர் ஆயாகிட்ட பேசி முகாமுக்கு கூட்டிட்டு வர்றதுக்கு உங்க முசிறித் தமிழ்தான் வேணும். இங்கிலீஷ் வெளுத்து வாங்குற பசங்க அங்க திருதிருன்னு முழிப்பானுங்க, நான் பாத்துருக்கேன்.

அப்பா விஷயம். ஒரு யூனிட்டுக்கு நூறு பேருன்னா கேம்ப்புக்கு அதுல பாதிப் பேரைத்தான் கூட்டிட்டுப் போவாங்க, அதனால அவசரம் ஒண்ணும் இல்ல, ரெண்டாவது வருஷம்கூட போயிக்கலாம். பொண்ணுங்க தங்குனா கூடவே மேடம் தங்குவாங்க. புரோகிராம் ஆபீசர் சாரையே அப்பாவுக்கு ஒரு போன் போட்டு பேசச் சொல்லுங்க, பிட் நோட்டீஸ காட்டுறதவிட அது நல்லா வேலை செய்யும்.

லெஃப்ட்_ரைட்:
என்சிசி ஆளு ஒருத்தி வந்துட்டேன் 😄

இதுல எடுத்த எடுப்புலயே செலக்‌ஷன் உண்டு, சீட்டு கம்மி, ஓட விட்டு உயரம் பாத்து எடுப்பாங்க, காலேஜ் தொறந்த கொஞ்ச நாள்லயே முடிஞ்சுரும், அதனால யோசிக்கிறதுன்னா சீக்கிரம் யோசிங்க. ரெண்டு வருஷத்துல பி சர்டிபிகேட், மூணாவது வருஷம் சி. பரேடு அட்டென்டன்ஸ் 75 பர்சன்ட் இல்லைன்னா அந்த சர்டிபிகேட் பரிட்சையே எழுத விட மாட்டாங்க. வருஷாந்திர கேம்ப் பத்து நாள். காலேஜ பொறுத்து பரேடு காலைலயே வச்சா உங்களுக்கு ஒத்து வரும், சாயங்காலம்னா பஸ் போச்சு, மொதல்ல அதைக் கேட்டுக்கங்க.

ஆர்மி ஆபீசர் ஆகணும்னு மனசுல இருந்தா கண்ண மூடிட்டு சேருங்க. சி சர்டிபிகேட்ல நல்ல கிரேடு இருந்தா ஸ்பெஷல் என்ட்ரில சிடிஎஸ்ங்கிற ராணுவ ஆபீசர் எழுத்துப் பரிட்சை இல்லாமலே ஆபீசர் தேர்வுக்கான எஸ்எஸ்பி இன்டர்வியூக்கு அப்ளை பண்ணலாம், பொண்ணுங்களுக்கும் உண்டு. அந்த ஆசை இல்லாம சும்மா யூனிபார்ம் நல்லாருக்குன்னு சேர்ந்தவங்கள்ல பாதிப் பேரு பூட் பாலிஷ் போட்டே வெறுத்துப்போயி ரெண்டாவது வருஷம் காணாமப் போயிருவாங்க. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல என்சிசிக்கு க்ரெடிட் உண்டு, மார்க் ஷீட்ல வரும், ஆனா சிஜிபிஏல (மொத்த கிரேடு சராசரில) சேராது. அதையும் தெரிஞ்சுகிட்டே சேருங்க.

முசிறிப்பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஆர்மி ஐடியா இல்ல, ஓட்டமும் வராது 🙈 என்எஸ்எஸ் ஃபார்ம் ஃபில் பண்ணிடுறேன். ஒரு சந்தேகம், டிபார்ட்மென்ட் நடத்துற போட்டி விழா, அதான் சிம்போசியம், அதுக்கு வாலன்டியரா வா, ஓடி (ஆன் டியூட்டி, க்ளாஸுக்கு வராட்டியும் அட்டென்டன்ஸ்) குடுப்போம்னு டிபார்ட்மென்ட் சீனியர்ஸ் கூப்புடுறாங்க, அது போலாமா? ஆள் சேக்கணும்னு ரொம்ப கெஞ்சுறாங்க.

கடைசிபெஞ்ச்_கணேசன்:
போலாம், ஆனா கண்ண தொறந்து வச்சுகிட்டு போங்க.

சிம்போசியம்ல ஃபர்ஸ்ட் இயர் வாலன்டியர்னா என்ன வேலைன்னா கேட்டுல நின்னு பேட்ஜ் மாட்டுறது, சாப்பாட்டு டோக்கன் கிழிக்கிறது, சீஃப் கெஸ்ட்டுக்கு பொக்கே வர்ற வரைக்கும் வாசல பாத்துட்டு நிக்கிறது. தப்பில்ல, எல்லாரும் அங்க இருந்துதான் ஆரம்பிப்பாங்க. ஆனா ஒரு தடவை பண்ணிட்டு அடுத்த தடவை கணக்கு பாக்குற டீமுலயோ ஸ்பான்சர் புடிக்கிற டீமுலயோ போடுங்கன்னு வாய விட்டு கேளுங்க. ஒரு கடைக்காரர்கிட்ட போயி எங்க புரோகிராமுக்கு பேனர் ஸ்பான்சர் பண்ணுங்கண்ணேன்னு கேட்டு, அவரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டு, மறுபடி போயி நின்னு ரெண்டாயிரம் ரூவா வாங்கிட்டு வர்றது இருக்கே, ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்ல அதை எவனும் சொல்லித் தர மாட்டான்.

கவனமா இருக்க வேண்டியது ஓடி மேட்டர். 75 பர்சன்ட் அட்டென்டன்ஸ் வேணும், வாயால சொல்ற ஓடி ஓடியே இல்ல. ஹெச்ஓடி (டிபார்ட்மென்ட் தலைவர்) கையெழுத்து போட்ட லிஸ்ட்ல பேரு இருக்கான்னு பாத்து ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அப்புறம் மெம்பர்ஷிப் பீஸ், டிசர்ட் காசு, சர்டிபிகேட் காசுன்னு சேரும்போதே நீட்டுற க்ளப் பக்கம் ஒரு வருஷம் போகாதீங்க. போன வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேளுங்க, இனாகுரேஷன் போட்டோவும் வேலிடிக்டரி (நிறைவு விழா) போட்டோவும் தவிர நடுவுல ஒண்ணும் இல்லைன்னா புரிஞ்சுக்கங்க.

ஒண்ணு விட்டுட்டேன், திருச்சி என்ஐடில ஃபெஸ்டம்பர்னு கல்ச்சுரல் விழா நடக்கும், 1975ல இருந்து நடத்துறாங்க, உங்க ஊரு பக்கத்துலயே. போட்டில கலந்துக்கலைன்னாலும் பரவால்ல, பசங்களே ஒரு பெரிய விழாவ எப்படி நடத்துறாங்கன்னு பகல்ல ஒரு தடவை போயி சுத்திப் பாத்துட்டு வாங்க.

மலைக்கோட்டை_மாலா:
யாரும் சொல்லாத ஒண்ண நான் சொல்றேன். ஸ்க்ரைப். பார்வை இல்லாத பசங்களுக்கு பரிட்சை எழுதிக் குடுக்குறது.

திருச்சி புத்தூர்ல பார்வையற்ற பொண்ணுங்களுக்கு கவர்மென்ட் ஹையர் செகண்டரி ஸ்கூலே இருக்கு, அதுபோக ஆர்ட்ஸ் காலேஜ்கள்ல படிக்கிறவங்க இருக்காங்க, பேங்க் பரிட்சை, டிஎன்பிஎஸ்சின்னு எழுதுறவங்க இருக்காங்க. எழுத ஆள் கெடைக்காம பரிட்சைக்கு மொத நாள் ராத்திரி வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுட்டு இருப்பாங்க. பல பரிட்சைல எழுதுறவங்களோட படிப்பு பரிட்சைக்காரங்களோடதவிட கம்மியா இருக்கணும்னு விதி, அதனால ஃபைனல் இயர், பிஜி முடிச்ச என்னை மாதிரி ஆளுங்கள கழிச்சு விட்டுருவாங்க. ஃபர்ஸ்ட் இயர் புள்ளைங்களுக்குத்தான் டிமாண்ட். தமிழ் மீடியம்னு கூச்சப்படுறீங்களே, தமிழ்ல பரிட்சை எழுதுறவங்களுக்கு நிறுத்தாம பிழையில்லாம தமிழ் எழுதுற கை எங்க கெடைக்குது சொல்லுங்க, நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு ரெண்டு பக்கம் எழுதுனா கை வலிக்குது.

வேலை பாக்க ஈஸியா தெரியும், ஈஸி இல்ல. கேள்வியை மொத்தமா ஒரு தடவை வாசிக்கணும், அப்புறம் ஒவ்வொண்ணா நிறுத்தி வாசிக்கணும், மார்க்கோட சேத்து சொல்லணும். அவங்க சொல்றத அப்படியே எழுதணும், உங்களுக்கு பதில் தெரிஞ்சாலும் வாயத் தொறக்கக்கூடாது, அவங்க தப்பா சொன்னா தப்பாவேதான் எழுதணும். ஆரம்பத்துல இதுதான் ரொம்ப கஷ்டம், நாக்கு நுனி வரைக்கும் வந்துரும். தமிழ்ப் பேப்பர்ல சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வான்னு சந்தேகம் வந்தா அவங்களையே கேளுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க. படம், கிராப் வர்ற கேள்விக்கு மாத்துக் கேள்வி இருக்கான்னு சூப்பர்வைசர்கிட்ட ஆரம்பத்துலயே கேட்டுருங்க. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல் டைம் உண்டு, மூணு மணி நேரப் பேப்பர் நாலு மணி நேரம் போகும், அதைக் கணக்குப் பண்ணி பஸ் பாத்துக்கங்க. காலைப் பரிட்சைன்னா உங்க நாலரை பஸ்ஸுக்கே வந்துரலாம். மிக முக்கியம், வர்றேன்னு சொன்னா போயிரணும். உங்களுக்கு அன்னைக்கு இன்டர்னல் டெஸ்ட் இருந்தா முன்னாடியே முடியாதுன்னு சொல்லிருங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. கடைசி நேரத்துல போன சுவிட்ச் ஆஃப் பண்றதுதான் பாவம், ஒரு வருஷம் போயிரும் அவங்களுக்கு.

பரிட்சை இல்லாத நாள்ல பாடப் புத்தகத்த போன்ல வாசிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்பலாம், அதுக்கு வீட்டை விட்டே வெளிய வர வேண்டாம்.

கரைவெட்டி_வாத்து:
மாலா அக்கா சொன்னது அருமை. நான் ஈஸியான ஒண்ணு சொல்றேன், காலைல உங்க காலேஜ் பஸ் சீக்கிரமே கொண்டு வந்து எறக்கி விட்டுரும்தானே, க்ளாஸுக்கு முன்னாடி சும்மாத்தானே உக்காந்திருப்பீங்க. 15 நிமிஷம் ஒரே எடத்துல நின்னு கண்ணுல பட்ட பறவைய எல்லாம் எண்ணி இபேர்ட் ஆப்ல ஏத்துங்க. ஜனவரில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரில கேம்பஸ் பேர்ட் கவுண்ட், ரெண்டுக்கும் பீஸ் கெடையாது, இன்டர்வியூ கெடையாது, மேடை கெடையாது. காக்கா, மைனா, தவிட்டுக்குருவின்னு தெரிஞ்சதுல ஆரம்பிச்சா போதும். கூட ரெண்டு பேரு சேர்ந்தா குளிர்காலத்துல ஒரு லீவு நாளு கரைவெட்டி ஏரிக்கு போயிட்டு வாங்க, அரியலூர் மாவட்டம்தான், 2024ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் லிஸ்ட்ல சேத்தாங்க, இமயமலையத் தாண்டி வர்ற வரித்தலை வாத்த அங்க பாக்கலாம்.

பெரம்பலூரான்:
என் ஊருக்குப் பக்கத்துல இருக்குற ஏரி, நானே ஒழுங்கா பாத்ததில்ல 😅

தங்கச்சி இன்னொண்ணு, அக்டோபர் 1 தன்னார்வ ரத்ததான தினம், ஒய்ஆர்சியோ என்எஸ்எஸ்ஸோ கேம்ப் போடுவாங்க. 18 வயசு ஆகியிருக்கணும், எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். நெறைய பொண்ணுங்கள ஹீமோகுளோபின் பாத்துட்டு திருப்பி அனுப்பிருவாங்க, அன்னைக்கு வருத்தப்படாம ரெஜிஸ்டர் டேபிள்ல உக்காந்துக்கங்க, மொத்த காலேஜும் வரிசைல வந்து பேரு சொல்லிட்டுப் போகும், ஒரே நாள்ல எல்லா டிபார்ட்மென்ட்லயும் ஆள் பழக்கமாயிரும்.

முசிறிப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ பேரு பதில் சொல்லுவீங்கன்னு நெனைக்கல. என்எஸ்எஸ்ல பேரு குடுத்துட்டேன், கேம்ப் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு மேடமே சொல்லிட்டாங்க. மாலா அக்கா, எனக்கு ஸ்க்ரைப் பண்ணணும்னு ரொம்ப ஆசையா இருக்கு, என் கையெழுத்து நல்லாத்தான் இருக்கும். ஆனா பரிட்சை ஹால்ல வேகமா சொன்னா கை ஓடுமான்னு பயமா இருக்கு, மொதல்ல ரெக்கார்டிங்ல ஆரம்பிக்கவா? யாருக்கு வேணும்னு எங்க போயி கேக்குறது?

மலைக்கோட்டை_மாலா:
ரெக்கார்டிங்லயே ஆரம்பிங்க மா, குரல் பழகிருச்சுன்னா அவங்களே பரிட்சைக்கு கூப்பிடுவாங்க. எங்க கேக்குறதுன்னா, பக்கத்துல இருக்குற ஆர்ட்ஸ் காலேஜ்ல தமிழ் டிபார்ட்மென்ட்லயோ ஹிஸ்டரிலயோ போயி இங்க பார்வை இல்லாத ஸ்டூடன்ட்ஸ் யாரு படிக்கிறாங்கன்னு கேளுங்க, உங்க என்எஸ்எஸ் மேடம்கிட்ட லெட்டர் வாங்கிட்டு போனா இன்னும் நல்லது. வேகத்துக்கு ஒரு வழி இருக்கு, வீட்ல தம்பி தங்கச்சி யாராவது இருந்தா பேப்பர் வாசிக்கச் சொல்லி எழுதிப் பாருங்க. தலையங்கம் வேண்டாம், விளையாட்டுச் செய்தி வாசிக்கச் சொல்லுங்க, பேரும் நம்பருமா வந்து கொட்டும்.